கேமராவைக் காணோம் என்கிறது லேப்டாப்: ஃபார்மேட் செய்துதான் ஆக வேண்டுமா?

கீழவாசல் | திங்கள், இரவு 9:14

எல்லாருக்கும் வணக்கம். விண்டோஸ் 11 லேப்டாப், வாங்கி நாலு வருஷம் இருக்கும். மூடியின் உச்சியில் இருக்கும் கேமரா போன வாரம் வரை நன்றாக வேலை செய்தது. இப்போது கேமரா ஆப்பைத் திறந்தால் உங்கள் கேமராவைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று வருகிறது. அதன் கீழே நீளமாக ஒரு பிழை எண், 4244 என்று முடிகிறது. ஜூமில் கேமரா பட்டியலே காலி.

நான் வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு வீணை சொல்லிக்கொடுக்கிறேன். விரல் எந்த மெட்டில் விழுகிறது, தந்தியை எவ்வளவு இழுத்துக் கமகம் பிடிக்கிறேன் என்று பார்த்தால்தான் அவர்களுக்குப் பாடம். குரலை மட்டும் வைத்து வகுப்பை ஓட்ட முடியாது. பக்கத்தில் ஒரு கடையில் காட்டினேன். திறந்துகூடப் பார்க்காமல், "விண்டோஸ் கரப்ட் ஆகியிருக்கும், ஃபார்மேட் போட்டுடலாம்" என்றார்கள். பல வருஷத்துப் பாடப் பதிவுகள் இதில்தான் இருக்கின்றன. வேறு வழி இருந்தால் சொல்லுங்கள்.

வழிப்போக்கன் | திங்கள், இரவு 9:31

செட்டிங்ஸில் பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, அதற்குள் கேமரா. அங்கே 'கேமரா ஆக்சஸ்' ஆனில் இருக்கிறதா பாருங்கள். அதே பக்கத்தில் கீழே 'லெட் டெஸ்க்டாப் ஆப்ஸ் ஆக்சஸ் யுவர் கேமரா' என்று தனியாக ஒன்று இருக்கும். ஜூம் மாதிரி ஆப்களுக்கு அதுவும் ஆனில் இருக்கணும். என் தங்கை லேப்டாப்பில் இதுதான் பிரச்சினை.

பழுதுமேசை | திங்கள், இரவு 10:05

டீச்சர், ஃபார்மேட்டுக்கு இப்போதைக்குச் சம்மதிக்காதீர்கள். வழிப்போக்கன் சொன்னதை ஒரு தடவை பார்த்துவிடுங்கள், அரை நிமிஷ வேலை. ஆனால் உங்கள் விஷயத்தில் அது இல்லை என்றுதான் எனக்குப் படுகிறது. அனுமதி இல்லை என்றால் விண்டோஸ் அனுமதி கொடு என்றுதான் கேட்கும், கேமராவையே காணோம் என்று சொல்லாது. 4243 என்று முடிந்தால் வேறொரு ஆப் கேமராவைப் பிடித்து வைத்திருக்கிறது என்று அர்த்தம். 4244 என்றால் கேமரா எதுவும் இணைக்கப்படவில்லை என்று அர்த்தம். இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு.

சர்வீஸ் மேசையில் நாங்கள் முதலில் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: கேமரா மதர்போர்டுக்குத் தெரிகிறதா, இல்லையா? லேப்டாப்புக்குள்ளேயே பொருத்தியிருந்தாலும் பெரும்பாலான மாடல்களில் அது யூஎஸ்பி சாதனம்தான். பென் டிரைவ் எந்த வழியில் பேசுகிறதோ அதே வழியில்தான் கேமராவும் உள்ளுக்குள் பேசுகிறது. தெரிகிறது, ஆனால் படம் வரவில்லை என்றால் மென்பொருள், அனுமதி, ஷட்டர் என்று தேடலாம். தெரியவே இல்லை என்றால் சுவிட்ச், பயாஸ் (விண்டோஸுக்கு முன்னால் ஓடுகிற அடிப்படை மென்பொருள்), கேபிள், கேமரா போர்டு, இவற்றில் ஒன்று. இந்த இரண்டாவது வகையை எந்த ஃபார்மேட்டும் சரி செய்யாது. இதைப் பிரித்துப் பார்க்காமல் விண்டோஸை அழிப்பது ஜனங்களுடைய தகவலைப் பணயம் வைக்கிற வேலை. எனக்கு இதில் ரொம்பக் கோபம் உண்டு.

இப்போது செய்ய வேண்டியது: ஸ்டார்ட் பட்டன் மேல் வலது கிளிக் செய்து டிவைஸ் மேனேஜரைத் திறங்கள். 'கேமராஸ்' என்றோ 'இமேஜிங் டிவைசஸ்' என்றோ ஒரு தலைப்பு இருக்கிறதா? இல்லையென்றால் மேலே 'வியூ' மெனுவில் 'ஷோ ஹிடன் டிவைசஸ்' கொடுத்துவிட்டு மறுபடி பாருங்கள். என்ன வருகிறதோ அப்படியே எழுதுங்கள்.

கீழவாசல் | திங்கள், இரவு 10:40

அனுமதி எல்லாம் ஆனில்தான் இருக்கிறது. டிவைஸ் மேனேஜரில் முதலில் கேமராஸ் என்ற தலைப்பே இல்லை. மறைந்தவற்றைக் காட்டு என்று கொடுத்ததும் வந்தது, உள்ளே கேமரா பெயர் மங்கலாக இருக்கிறது. அதைத் திறந்தால் இந்தச் சாதனம் இப்போது கணினியுடன் இணைக்கப்படவில்லை, கோட் 45 என்று இருக்கிறது.

பழுதுமேசை | திங்கள், இரவு 10:52

நல்லது, பாதி வேலை முடிந்தது. மங்கலாக இருக்கிறது என்றால் விண்டோஸுக்கு அந்தக் கேமராவை ஞாபகம் இருக்கிறது, அதை இயக்குகிற மென்பொருளான டிரைவரும் இருக்கிறது, ஆள்தான் இல்லை. டிரைவர் மேல் தப்பில்லை.

கேபிளுக்குப் போகும் முன் சுவிட்சைப் பார்த்துவிடுவோம். மேலே கண்ணாடிக்குப் பக்கத்தில் தள்ளுகிற மூடி இருந்தால் அது வெறும் மறைப்புதான். அதை மூடினால் படம் கருப்பாக வருமே தவிர, கேமரா காணாமல் போகாது. திங்க்பேடில் இருப்பது அந்த வகை. ஆனால் சில எச்பி மாடல்களில் பக்கவாட்டில் இருக்கும் சின்ன சுவிட்ச் கேமராவின் இணைப்பையே துண்டித்துவிடும். எம்எஸ்ஐ லேப்டாப்கள் பலவற்றில் எஃப்என் விசையோடு எஃப்6 அழுத்தினால் கேமரா அணைந்து, டிவைஸ் மேனேஜரிலிருந்தும் போய்விடும். உங்கள் நிலைமை மாதிரியே தெரியும். விசைப்பலகையின் மேல் வரிசையில் கேமரா படம் போட்ட விசை இருக்கிறதா, ஓரங்களில் சுவிட்ச் இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள்.

அடுத்து, முழுசாக ஒரு தடவை அணைக்க வேண்டும். விண்டோஸில் ஷட்டவுன் கொடுத்தால் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் காரணமாக அது பாதித் தூக்கம்தான். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும். அதிலும் வரவில்லை என்றால் அணைத்து, சார்ஜரைப் பிடுங்கி, பவர் பட்டனை அரை நிமிஷம் அழுத்திப் பிடித்துவிட்டு ஏற்றுங்கள். கேமரா சிப் சில சமயம் அப்படியே உறைந்து நிற்கும், இதில் தெளிந்துவிடும்.

மென்பொருள்_மணி | செவ்வாய், காலை 7:20

பழுதுமேசை அண்ணன் டிரைவர் பக்கமே போக வேண்டாம் என்கிறார். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். 2016 ஆகஸ்டில் வந்த விண்டோஸ் 10 ஆனிவர்சரி அப்டேட் ஞாபகம் இருக்கிறதா? ஒரே ராத்திரியில் எத்தனை பேருடைய வெப்கேம் ஸ்கைப்பில் உறைந்து நின்றது! ஒரே கேமராவைப் பல ஆப்கள் பகிர்ந்துகொள்ளட்டும் என்று மைக்ரோசாஃப்ட் நடுவில் ஒரு அடுக்கை வைத்தது. கேமரா அனுப்புகிற எம்ஜேபெக், எச்264 சுருக்கங்களை ஆப்களுக்கு நேராகக் கொடுப்பதை நிறுத்தியது. சுருக்கம் இல்லாத படம் மட்டும்தான் என்றால் கணக்குப் போட்டுப் பாருங்கள். 1280 × 720 புள்ளி, புள்ளிக்கு 2 பைட், நொடிக்கு 30 படம் என்றால் நொடிக்கு 55 மெகாபைட். யூஎஸ்பி 2.0இன் காகிதக் கணக்கே நொடிக்கு 60 மெகாபைட்தான், நடைமுறையில் அதில் கணிசமாகக் குறையும். வன்பொருளில் ஒரு குறையும் இல்லாமல், ஒரு அப்டேட்டால் நடந்தது இது.

பழுதுமேசை | செவ்வாய், காலை 8:02

மணி தம்பி சொன்னது நடந்த உண்மை. அந்தச் சமயத்தில் நல்ல கேமராக்களைக்கூடப் பழுது என்று சொல்லிக் கழட்டி வைத்தார்கள். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அப்போதும் கேமரா டிவைஸ் மேனேஜரில் தெளிவாக உட்கார்ந்திருந்தது, படம்தான் நின்றது. நான் சொல்கிற பிரிவுக்கு அது நல்ல உதாரணம். டீச்சருடைய கேமரா பட்டியலிலேயே இல்லையே.

பெங்குவின்பாளையம் | செவ்வாய், காலை 9:45

சந்தேகம் தீர இன்னொரு வழி. ஒரு பென் டிரைவில் உபுண்டு, மின்ட் மாதிரி ஒரு லினக்ஸை (விண்டோஸுக்குப் பதிலான இயங்குதளம்) ஏற்றி, இன்ஸ்டால் செய்யாமல் அதிலிருந்தே லேப்டாப்பைத் தொடங்குங்கள். உங்கள் பதிவுகளை அது தொடாது. லினக்ஸில் யூவிசி கேமராக்களுக்கான (யூஎஸ்பி கேமராக்களின் பொதுத் தரம்) டிரைவர் 2008 முதல் அதன் மையப் பகுதியான கெர்னலோடவே வருகிறது, எதையும் தேடி இறக்க வேண்டியதில்லை. அதிலும் கேமரா தெரியவில்லை என்றால் விண்டோஸ் நிரபராதி என்று முடிவு கட்டலாம்.

ஒரு எச்சரிக்கை. சமீபத்து இன்டெல் லேப்டாப்கள் சிலவற்றில் கேமரா யூஎஸ்பியில் இல்லை, மிப்பி என்ற வேறு வழியில் செயலிக்கே நேராகப் போகிறது. அந்த வகைக்கு லினக்ஸ் ஆதரவு கெர்னல் 6.10இல்தான் உருப்படியாக வரத் தொடங்கியது. அதனால் புது மாடல் வைத்திருப்பவர்கள் லினக்ஸில் தெரியவில்லையே என்று கேமராவைக் கழட்டிவிடாதீர்கள். டீச்சருடையது நாலு வருஷம் ஆனது என்பதால் யூஎஸ்பியாகத்தான் இருக்க வாய்ப்பு அதிகம்.

வடமராட்சி | செவ்வாய், முற்பகல் 11:10

இடையிலை வாறதுக்குக் குறை நினைக்காதேங்கோ. எனக்குக் கமரா வேலை செய்யுது, ஆனா ரியூப்லைற் வெளிச்சத்திலை இருந்தா படத்திலை கறுப்புப் பட்டை பட்டையா மேலையும் கீழையும் ஓடுது. பகல்லை ஜன்னல் பக்கம் இருந்தா ஒண்டும் இல்லை. லப்டொப் கனடாவிலை இருந்து அண்ணா கொண்டு வந்தது. கமரா பழுதோ?

பெங்குவின்பாளையம் | செவ்வாய், நண்பகல் 12:25

பழுது இல்லை அண்ணா. கனடாவில் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், இலங்கையிலும் இந்தியாவிலும் 50. உங்கள் ரியூப்லைற் நொடிக்கு 100 தடவை கூடிக் குறைகிறது. கேமரா 60 ஹெர்ட்ஸுக்கு ஏற்றபடி ஒளியை வாங்கினால் ஒவ்வொரு வரிசைக்கும் கிடைக்கிற வெளிச்சம் ஒரே அளவாக இருக்காது. அதுதான் பட்டை. விண்டோஸ் கேமரா ஆப்பின் செட்டிங்ஸில் 'ஃப்ளிக்கர் ரிடக்ஷன்' என்று இருந்தால் 50 வையுங்கள். அங்கே இல்லை என்றால் ஓபிஎஸ் என்ற வீடியோ பதிவு மென்பொருளில் கேமராவைச் சேர்த்து, 'கன்ஃபிகர் வீடியோ'வைத் திறந்தால் 'பவர்லைன் ஃப்ரீக்வென்சி' என்று வரும், அதிலும் 50 வைக்கலாம்.

கீழவாசல் | செவ்வாய், மாலை 4:30

சுவிட்ச் எதுவும் இல்லை. முழுசாக அணைத்தும் பார்த்தேன், வரவில்லை. தம்பி மகன் வந்து பென் டிரைவில் மின்ட் போட்டுக் காட்டினான், அதிலும் கேமரா இல்லை. கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு மூன்று வாரமாகவே பிள்ளைகள், "டீச்சர், உங்க வாய்ஸ் விட்டு விட்டு வருது" என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். இணையம்தான் சரியில்லை என்று நினைத்திருந்தேன். இதற்கும் அதற்கும் சம்பந்தம் இருக்குமா?

பழுதுமேசை | செவ்வாய், மாலை 5:15

சம்பந்தம் நிச்சயம் இருக்கலாம். நல்லவேளை சொன்னீர்கள். பல மாடல்களில் மைக்கும் கேமராவும் ஒரே சின்ன போர்டில்தான் இருக்கும். கேமராவுக்கு மின்சாரம், கிரவுண்ட், டேட்டாவுக்கு ஒரு ஜோடி என நாலு கம்பி. மைக்குக்கு இன்னும் இரண்டு. மயிரிழை மாதிரி இருக்கிற இந்தக் கம்பிகள், திரைக்குப் போகிற டிஸ்ப்ளே கேபிளோடு சேர்ந்து ஹிஞ்ச், அதாவது மூடியின் கீல் வழியாகத்தான் மேலே ஏறும். மூடியைத் திறந்து மூடும் ஒவ்வொரு தடவையும் அந்த இடம் மடிந்து நிமிர்கிறது. நாலு வருஷம் தினமும் மடிந்தால் ஒரு கம்பி விடுவது சகஜம்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யுங்கள். டிவைஸ் மேனேஜரைத் திறந்து வைத்து, ஸ்பீக்கர் சத்தத்தையும் கூட்டிக்கொள்ளுங்கள். மூடியை மேல் விளிம்பின் நடுவில் பிடித்து, முழுசாகத் திறந்த நிலையிலிருந்து முக்கால்வாசி மூடும் வரை ரொம்ப மெதுவாகக் கொண்டு வாருங்கள். திரையை அழுத்தக் கூடாது. யூஎஸ்பி செருகினால் வருமே, அந்த 'டண்டொண்' சத்தம் எங்காவது கேட்கிறதா என்று பாருங்கள்.

கீழவாசல் | செவ்வாய், இரவு 8:50

கேட்டது! முக்கால்வாசி மூடியிருக்கும்போது சத்தம் வந்தது. அந்த மங்கலான பெயர் பளிச்சென்று ஆனது. மூடியை அசையாமல் பிடித்துக்கொண்டு கேமரா ஆப்பைத் திறக்கச் சொன்னேன், பக்கத்தில் வெள்ளை விளக்கு எரிந்தது, திரையில் விசைப்பலகையும் என் கைவிரலும் தெரிந்தன. இரண்டு விரற்கடை பின்னால் சாய்த்ததும் வேறு சத்தம் வந்து எல்லாம் போய்விட்டது. திரும்ப முன்னால் கொண்டு வந்தால் ஒருமுறை கேமராவுக்குப் பதில் 'அன்நோன் யூஎஸ்பி டிவைஸ்', கோட் 43 என்று மஞ்சள் முக்கோணத்தோடு வந்தது.

பழுதுமேசை | செவ்வாய், இரவு 9:20

இதற்கு மேல் சந்தேகமே வேண்டாம், கேபிள்தான். மின்சாரக் கம்பி விட்டால் கேமரா மொத்தமாகக் காணாமல் போகும். மின்சாரம் வந்து டேட்டா கம்பி தொட்டும் தொடாமலும் இருந்தால், யாரோ வந்திருக்கிறார்கள், பெயர் சொல்லத் தெரியவில்லை என்று விண்டோஸ் சொல்லும். அதுதான் அந்தக் கோட் 43. உங்களுக்கு இரண்டும் மாறி மாறி வருகிறது.

சரி செய்யும் வரை மூடியை அடிக்கடி ஆட்டாதீர்கள், ஒரே நிலையில் விட்டுவிடுங்கள். அதே கம்பிக் கட்டுக்குள்தான் திரையின் பின்விளக்குக்கான மின்சாரமும் போகிறது. உறை கிழிந்து அது வேறு கம்பியோடு உரசினால் மதர்போர்டில் பின்விளக்கு ஃப்யூஸ் போகும். அப்போது செலவு எங்கேயோ போய்விடும்.

கடையில் கொடுக்கும்போது டிஸ்ப்ளே கேபிள் மாற்ற வேண்டும் என்று வாயால் சொல்லிக் கொடுங்கள். பழைய கேபிளைக் கழற்றி, அதன் மேல் ஒட்டியிருக்கும் சீட்டில் உள்ள பகுதி எண்ணைப் பார்த்து அதையே வாங்கச் சொல்லுங்கள். மாடல் பெயரை மட்டும் வைத்து வாங்கினால் தப்பு நடக்கும். ஒரே மாடலில் டச் திரைக்கு ஒரு கேபிள், சாதாரணத் திரைக்கு ஒன்று, 30 பின், 40 பின் என்று ரகம் ரகமாக இருக்கும். சென்னை என்றால் ரிச்சி தெருவில் தேடலாம், கொழும்பு என்றால் யூனிட்டி பிளாசாவில் கேட்கலாம். கழற்றும் முன் பேட்டரி இணைப்பை எடுத்தாரா என்று கேளுங்கள். மின்சாரம் இருக்கும்போது டிஸ்ப்ளே கேபிளைப் பிடுங்குகிற ஆளிடம் மெஷினை விடாதீர்கள். அப்புறம், இந்த வேலைக்கு ஹார்ட் டிஸ்க்கையோ எஸ்எஸ்டியையோ யாரும் தொட வேண்டியதில்லை. பாஸ்வேர்டுகூடக் கொடுக்க வேண்டாம், லாகின் திரையோடு வைத்து கேபிளை மாற்றிவிட்டு உங்கள் முன்னால் சோதித்துக் காட்டட்டும்.

வழிப்போக்கன் | செவ்வாய், இரவு 9:48

அதுவரை வகுப்புக்கு உங்கள் போனையே கேமராவாக்கலாம் டீச்சர். ஆண்ட்ராய்டு போன் என்றால் விண்டோஸ் 11இல் 'மொபைல் டிவைசஸ்' பகுதியில் போனை இணைத்து, கனெக்டட் கேமராவாகப் பயன்படுத்தும் வசதி இருக்கிறது. ஐபோனும் மேக்கும் வைத்திருப்பவர்களுக்கு 2022இல் வந்த மேக் ஓஎஸ் வென்சுராவிலிருந்தே இது உண்டு. வீணைக்கு இதுதான் இன்னும் நல்லது என்பேன். போனை ஒரு ஸ்டாண்டில் தண்டிக்கு மேலே சாய்த்து வைத்தால் மெட்டுகள் நேராகத் தெரியும். லேப்டாப் கேமரா எப்போதும் முகத்தைத்தானே பார்க்கும்.

அவதானி | புதன், காலை 6:55

எல்லாரும் கேமராவை எப்படி வர வைப்பது என்று பேசுகிறீர்கள். வராமல் இருப்பதே நல்லது என்று நினைக்கிறவன் நான். என் லேப்டாப்பில் கருப்பு டேப் ஒட்டியிருக்கிறேன். 2010இல் அமெரிக்காவில், பென்சில்வேனியாவின் லோயர் மெரியன் பள்ளி மாவட்டம் மாணவர்களுக்குக் கொடுத்த லேப்டாப்களில், திருட்டைக் கண்டுபிடிக்க என்று வைத்த மென்பொருள் பிள்ளைகளை வீட்டுக்குள்ளேயே படம் பிடித்தது. வழக்காகி, 6,10,000 டாலர் கொடுத்து முடித்தார்கள். பச்சை விளக்கு மின்னி மின்னி மறைவதைப் பிள்ளைகள் அப்போதே பார்த்திருக்கிறார்கள், யாரும் பொருட்படுத்தவில்லை. விளக்கை மட்டும் நம்பவும் முடியாது. 2008க்கு முந்தைய மேக்புக்குகளில் விளக்கு எரியாமலே கேமராவை இயக்க முடியும் என்று ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013இல் காட்டினார்கள்.

பழுதுமேசை | புதன், காலை 8:30

அவதானி சாருடைய கவலையை நான் மதிக்கிறேன், வீட்டில் பிள்ளைகள் லேப்டாப்புக்கு நானும் மறைப்பு வைத்திருக்கிறேன். ஆனால் எதை ஒட்டுகிறோம் என்பது முக்கியம். கடையில் விற்கிற தள்ளும் பிளாஸ்டிக் மூடியை ஒட்டிவிட்டு லேப்டாப்பை மூடினால், திரைக்கும் விசைப்பலகைக்கும் நடுவில் அது முட்டி, கண்ணாடி விரிசல் விடுகிறது. மேக்புக்கில் இப்படி மூடாதீர்கள் என்று ஆப்பிளே 2020இல் எச்சரித்தது. மெல்லிய காகித டேப் போதும், அதையும் லென்ஸ் மேல் பசை படாதபடி நடுவில் ஒரு துண்டுக் காகிதம் வைத்து ஒட்டுங்கள். பசை படிந்த லென்ஸோடு படம் மங்கலாக இருக்கிறது என்று வருபவர்கள் உண்டு. இன்னொன்று, டேப் மைக்கை மூடாது. விண்டோஸ் 11இல் பிரைவசி பகுதியில் கேமராவைத் திறந்தால் சமீபத்தில் எந்த ஆப் எப்போது கேமராவைத் தொட்டது என்ற பட்டியல் இருக்கும். மைக்கிற்கும் தனியாக அப்படி ஒன்று உண்டு. மாதம் ஒருமுறை பார்ப்பது நல்லது.

வடமராட்சி | புதன், இரவு 7:40

50க்கு மாத்தினாப் பிறகு பட்டை ஒண்டும் இல்லை. பெங்குவின் தம்பிக்கு நன்றி. ஆனா இரவிலை படம் கொஞ்சம் இழுபட்டு இழுபட்டு வருது, கையை அசைச்சா நிழல் மாதிரி.

பெங்குவின்பாளையம் | புதன், இரவு 8:15

வெளிச்சம் போதவில்லை அண்ணா. இருட்டினால் கேமரா ஒவ்வொரு படத்துக்கும் அதிக நேரம் ஒளியை வாங்கும், நொடிக்கு 30 படம் 15ஆகக் குறையும். ரியூப்லைற் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்தால் இடத்தை மாற்றி அதைப் பார்த்தபடி இருங்கள். செட்டிங்ஸில் தேடுவதைவிட ஒரு மேசை விளக்கு நல்ல பலன் தரும்.

கீழவாசல் | சனி, மாலை 6:05

இன்று கேபிள் மாற்றியாகிவிட்டது. வேறு கடைக்குப் போய், கேபிள் மாற்ற வேண்டும் என்று முதலிலேயே சொல்லிக் கொடுத்தேன். பழுதுமேசை சொன்னபடி பேட்டரியை எடுத்துவிட்டுத்தான் திரையைப் பிரித்தார்கள். பழைய கேபிளை என் கையில் கொடுத்தார்கள். இடது ஹிஞ்சுக்குள் போகிற இடத்தில் கருப்பு டேப் தேய்ந்து பிளந்து கிடந்தது. உருப்பெருக்கியில் காட்டினார்கள், ஒரு கம்பி முழுசாக அறுந்து, அதன் பக்கத்துக் கம்பி ஒரே ஒரு இழையில் தொங்கிக்கொண்டிருந்தது. புதுசைப் போட்டதும் மூடியை எந்தக் கோணத்தில் வைத்தாலும் கேமரா நிற்கிறது. குரலும் சரியாகிவிட்டது. பதிவுகள் எல்லாம் பத்திரம். உங்கள் எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி.

ஒரே ஒரு சின்னக் கேள்வி. ஜூமில் என்னைப் பார்த்தால் வீணை இடம் வலமாக மாறித் தெரிகிறது. பிள்ளைகளுக்கும் அப்படித்தான் தெரியுமா? இடது கையில் மெட்டைப் பிடி என்று சொல்லும்போது குழப்பம் வரக் கூடாதே.

பழுதுமேசை | சனி, இரவு 7:30

ரொம்பச் சந்தோஷம் டீச்சர். ஜூம் உங்களுக்கு மட்டும்தான் அப்படித் திருப்பிக் காட்டுகிறது, பிள்ளைகளுக்கு நேராகவே போகிறது. ஒரு புத்தகத்தின் அட்டையைக் கேமரா முன்னால் பிடித்து, எழுத்தைப் படிக்க முடிகிறதா என்று ஒரு பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள், தெரிந்துவிடும். உங்களுக்கும் நேராகத் தெரிய வேண்டும் என்றால் ஜூம் செட்டிங்ஸில் வீடியோ பகுதிக்குப் போய் 'மிரர் மை வீடியோ'வை எடுத்துவிடுங்கள்.